கடைசி அத்தியாயத்தில் உன் அம்மா

மகனே,

இந்தக் கடிதத்தை உறையிலிட்டு உன் முகவரிக்கு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், உன் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிய நம் சபையின் மாத இதழுக்கே இதைக் கொடுக்கிறேன். நம் வீட்டைப் பற்றி நீ எழுதியதை ஊர் படித்திருக்கிறது. கேத்தியில் கேரட் கழுவும் பெண்கள் படித்திருக்கிறார்கள், எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து நிறுப்பவர்கள் படித்திருக்கிறார்கள், காந்தலில் தையல் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளர்களுக்கு இரவல் கொடுக்கிறார். நீ ஊரறியப் பேசிய ஒன்றுக்கு நான் மட்டும் உன் காதோடு பதில் சொல்ல வேண்டும் என்பதில் நியாயம் இல்லை. இந்தக் கடிதத்தில் என் குரல் எங்கும் உயராது. அதைக் கொண்டு என் கோபம் ஆறிவிட்டது என்று எண்ணிவிடாதே. கொதிப்பதெல்லாம் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. இப்போது இருப்பது உறைந்த பின் மிஞ்சுவது.

உன் மனம் மாறிய பிறகு மாதந்தோறும் எனக்குப் புத்தகங்கள் அனுப்பினாய். விசுவாசத்தால் வாழ்க்கை மாறியவர்களின் கதைகள். அவற்றை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று உன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறாய். அது உண்மையல்ல. எல்லாவற்றையும் படித்தேன். தொழிற்சாலையின் மேல்தளத்தில் இலை வாடிக்கொண்டிருக்கும் பிற்பகல்களில், என் அறையில் உட்கார்ந்து, பென்சிலோடு படித்தேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன், தேயிலைத் தொழிற்சாலையை நிர்வகிப்பவன், எனவே நம்பிக்கையற்றவன் என்று நீ கணக்கிட்டிருந்தாய். நான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன். பரவசமில்லாத, அதிகம் பேசாத விசுவாசம் என்னுடையது. அந்த விசுவாசத்தோடுதான் அந்தப் புத்தகங்களைப் படித்தேன். கைதி, நடிகை, குடிகாரர், மருத்துவர்கள் கைவிட்ட நோயாளி என்று ஆட்கள் மாறினார்களே தவிர புத்தகம் மாறவில்லை. முதலில் இருட்டு. பிறகு பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒரு குரல். குரலைத் தொடர்ந்து வெளிச்சம். வெளிச்சம் வந்த பக்கத்தோடு புத்தகம் முடிந்துவிடும். மனம் மாறிய மனிதருக்குப் பழைய எரிச்சல் மீண்டும் வந்ததா, அவருடைய மனைவி அவரை நம்புவதற்கு எத்தனை காலம் ஆயிற்று, குழந்தைகள் அவருடைய காலடி ஓசைக்குப் பயப்படுவதை எப்போது நிறுத்தினார்கள் என்பதை ஒருவரும் எழுதவில்லை. அந்தப் புத்தகங்களில் சுகம் வேண்டி ஜெபித்தவர்கள் எல்லோரும் சுகமடைந்தார்கள். சுகமடையாதவர்கள் புத்தகம் எழுதுவதில்லை, மகனே. அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களும் அதே வார்த்தைகளால்தான் ஜெபித்திருந்தார்கள்.

நீ அனுப்பியவற்றில் ஒன்று மட்டும் என்னைத் தடுத்து நிறுத்தியது. ஒரு பள்ளி ஆசிரியை எழுதிய மெல்லிய நூல். அவர் யாரென்று சொல்லி நம் சண்டைக்குள் அவரை இழுக்க மாட்டேன். மகளுக்காக ஜெபித்தார், மகள் இறந்துபோனாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியபோது பாட வாய் வரவில்லை. ஆனால் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு வந்த வருடங்களையும் அதே போல எழுதியிருந்தார்: சில நாள் பாடினேன், பல நாள் நின்றேன் என்கிற அளவில். ஒரு மனிதர் உண்மையைச் சொல்லும்போது எழுத்து எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்று அன்று பார்த்தேன். அந்த நூலைப் பற்றி உன்னிடம் தொலைபேசியில் பேசினேன். நீ யோசிக்காமல் பதில் சொன்னாய்: “அதுல வெற்றி இல்லையேப்பா. யாரோ தெரியாம கட்டுல சேர்த்துட்டாங்க.”

உன் மாற்றத்தை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. பெங்களூரில் வேலை போய், குடித்து, உடம்பு கெட்டு நீ இந்த மலைக்குத் திரும்பியபோது, நம் வீட்டுப் பின்னறையில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களை நான் மறக்கவில்லை. உன் அம்மா கதவுக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நீ சாப்பிடும் சத்தம் கேட்ட பிறகே எழுவாள். பிறகு கோயம்புத்தூரில் ஒரு ஜெபக் குழு உன்னைத் தாங்கிப் பிடித்தது. குடியை விட்டாய். முகம் தெளிந்தது. அதற்காக நான் நன்றி சொன்னேன். உனக்குக் கேட்கும்படி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னேன். ஆனால் அந்த மாற்றத்தைப் புத்தகமாக்க உட்கார்ந்ததும் உனக்கு ஓர் இருட்டு தேவைப்பட்டது. உன்னுடைய இருட்டு போதவில்லை. “ஜெபம் அறியாத வீட்டில் நான் பிறந்தேன்” என்று தொடங்கினாய். கல்நெஞ்சன், அறிவின் அகந்தையில் ஆண்டவரைத் தள்ளிவைத்தவன் என்று ஒரு தகப்பனை எழுதினாய். நான் பொருட்படுத்தவில்லை. என்னைப் பற்றி எஸ்டேட்டில் இதைவிடக் கடுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து, விரல்களைச் சூட்டில் காட்டிக்கொண்டே, உதடு அசைய ஜெபித்துவிட்டுத்தான் உன் அம்மா பாலை ஏற்றுவாள். நீ பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அந்த முணுமுணுப்பைக் கேட்டுத்தான் எழுந்தாய். உன் வெளிச்சம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவளுடைய விளக்கை ஊதி அணைத்தாய். அவளோ படித்துவிட்டு, “அவனுக்குக் கேட்டிருக்காதுங்க, நான் மெதுவாத்தானே சொல்லுவேன்” என்றாள். உனக்காகச் சாக்குச் சொல்வதில் அவளுக்கு அவ்வளவு பழக்கம்.

இனிக் கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான். அதில் உன் அம்மாவின் மார்பில் கட்டி வருகிறது. மருத்துவர்கள் கைவிரிக்கிறார்கள். நீயும் உன் குழுவும் நம் முன்னறையில் மண்டியிடுகிறீர்கள். அடுத்த பரிசோதனையில் கட்டி இல்லை. இவ்வளவுதான் நீ எழுதியது. நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். எந்த மருத்துவரும் கைவிரிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பெண் மருத்துவர், சீக்கிரம் வந்துவிட்டீர்கள், காப்பாற்றலாம் என்று எங்களிடம் நேராகச் சொன்னார். அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மருந்து ஏற்றினார்கள். குன்னூருக்குத் திரும்பும் வழியில், மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நான் காரை நிறுத்த, உன் அம்மா இறங்கி ஓரமாக வாந்தி எடுப்பாள். தலைமுடி கொட்டியபோது என் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, “இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே சாயல்ங்க” என்று சிரித்தாள். நீங்கள் ஜெபித்தது உண்மை. அந்த ஜெபம் கேட்கப்பட்டது என்றுதான் நானும் நம்புகிறேன். கேட்கப்பட்ட ஜெபம் ஒரு பெண்ணின் கையில் கத்தியாக வந்து நின்றது என்று நீ எழுதியிருந்தால் உன் புத்தகத்தை நானே சுமந்து விற்றிருப்பேன். நீ கத்தியை எடுத்துவிட்டாய். மருந்தை எடுத்துவிட்டாய். வாந்தியை எடுத்துவிட்டாய். அற்புதத்தை மட்டும் மிச்சம் வைத்தாய். ஏன் என்று கேட்டபோது, சாட்சி என்றால் மகிமை முழுவதும் ஆண்டவருக்குப் போக வேண்டும் என்றாய்.

உன் புத்தகம் வெளிவந்த வருடம் அறுப்பின் பண்டிகையன்று அதை ஆலய வளாகத்தில் மேசை போட்டு வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஆயர் உன் அம்மாவைச் சாட்சி சொல்ல அழைத்தார். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. உன் கடைசி அத்தியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இருந்ததைத் தன் வாயால் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நீ முதல் வரிசையில் இருந்தாய். அழுதாய். பிறகு காணிக்கையாக வந்த காய்கறிகளை வழக்கம்போல ஏலம் விட்டார்கள். ஏலம் கூறியவர் ஒரு முட்டைக்கோசை உயரத் தூக்கி, “அக்கா கை பட்ட கோசுங்க. தலைவலிக்காரங்க ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரியல் பண்ணிப் பாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் மாட்டிக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நம்மவர்கள் நடுவில் சாட்சி என்பது எத்தகையது என்று உனக்குத் தெரியும். சபைக்கு முன் ஒருமுறை சொன்னால் அது சொன்னவருக்குச் சொந்தமில்லை. திரும்பப் பெற்றால், சொன்னவர் பின்வாங்கிவிட்டார் என்பார்கள். கேட்டு நம்பியவர்கள் இடறிப்போவார்கள் என்பார்கள். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அவள் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. அன்று தொழிற்சாலையில் ஆய்வு இருந்ததால் தனியாகப் புறப்பட்டாள். மடியில் ஆஸ்பத்திரிக் கோப்போடு பேருந்தில் உட்கார்ந்திருந்தவளைச் சபைப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். கெட்ட எண்ணமில்லை, கிண்டல்தான்: “ஏனுங்கக்கா, சாட்சி சொன்ன நீங்களே ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிட்டுப் போனா எங்க கதி என்னாகறதுங்க?” உன் அம்மா, அது வேறு யாருக்கோ என்று சொல்லிவிட்டு, குன்னூர் மார்க்கெட்டில் இறங்கி, பீன்ஸ் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அதன் பிறகு அவள் அந்த மருத்துவமனைக்குப் போகவே இல்லை. எழுதிக்கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். நான் மாத்திரையை எடுத்து நீட்டினால், “சுகமான உடம்புக்கு எதுக்குங்க” என்பாள். அது அவளுடைய வாக்கியம் அல்ல. உன்னுடையது.

இப்போது அவளுக்கு முதுகில் வலி. வலி என்ற சொல்லை அவள் பயன்படுத்துவதில்லை. குளிர் என்கிறாள், உட்கார்ந்த வாக்கு என்கிறாள். கெட்டிலைத் தூக்க முடியாமல் பாதித் தண்ணீரோடு வைக்கிறாள். ஆலயத்தின் படிகளில் பாதியில் நின்று, பூக்களைப் பார்ப்பது போல நடித்து மூச்சு வாங்குகிறாள். நம் குடும்ப நண்பரான குன்னூர் மருத்துவரைத் தேநீருக்கு அழைப்பது போல வரவழைத்தேன். பேசிக்கொண்டே அவளைப் பார்த்தார். வெளிவாசல் வரை என்னோடு நடந்து வந்து, “எலும்புக்குப் போயிருக்கும்னு பயப்படறேன் சார். நெஞ்சுலயும் இருக்கலாம். படம் எடுத்தாத்தான் தெரியும். உடனே கீழ கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னும் செய்ய முடிஞ்சது இருக்குது” என்றார். அன்றே உனக்குத் தொலைபேசி செய்தேன். நீ என்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதுகிறேன், மறுக்க விரும்பினால் மறுத்துக்கொள். “வலின்னு வாயால அறிக்கை பண்ணாதீங்கப்பா. அம்மா முன்னாடி ஆஸ்பத்திரி பேச்சே எடுக்காதீங்க. உங்க அவிசுவாசம் அவங்களத் தாக்கும்.” உன் தாய்க்கு எங்கே வலிக்கிறது என்று நீ கேட்கவில்லை.

என்னால் ஏன் அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போக முடியவில்லை என்று இதைப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். காரைக் கிளப்பி வாசலில் நிறுத்தினேன். வராத மனிதரைக் கூட்டிப்போக வழியில்லை. ஆயரிடம் போனேன். அவர் நல்லவர். சங்கடப்பட்டார். மகன் சொன்னால் கேட்பாரே என்றார். சபையில் மற்றவர்களிடம் பேசியபோது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஓர் இரக்கம் இருந்தது. உன் இரண்டாம் அத்தியாயத்தை அவர்கள் படித்திருக்கிறார்கள். கல்நெஞ்சன் பேசுகிறான், அகந்தை பேசுகிறது. அந்தத் தகப்பனை நீ எழுதியபோது நான் பொருட்படுத்தவில்லை என்றேன் அல்லவா? அவன் எதற்குப் பயன்படுவான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உன் அம்மாவைக் குறித்து உண்மை சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நீ முன்கூட்டியே செல்லாதவனாக்கிவிட்டாய். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்று செய்தவனாக இருந்தால் உன்னோடு பேரம் பேசியிருக்கலாம்.

போன மாதம் மழை பெய்த ஒரு பிற்பகலில் காந்தலிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். உன் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். உன் அம்மாவைப் பார்த்து ஜெபம் கேட்க வந்தவள். சமையலறையில் வைத்துப் பேசினார்கள். நான் முன்னறையில் இருந்தேன், அந்தச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் கட்டி. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. உன் புத்தகத்தைப் படித்துவிட்டு மருந்தில்லாமல் விசுவாசத்தோடு காத்திருப்பதாகச் சொன்னாள். சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. உன் அம்மா தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவள் பேசினாள்.

“கண்ணு, நாளைக்கே பஸ் ஏறீரு. ஊட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லு.”

“அக்கா, நீங்க போகலையே?”

“யாரு சொன்னா? எனக்கு ஆப்பரேசன் பண்ணினாங்க. மருந்து ஏத்துனாங்க. முடியெல்லாம் கொட்டிப்போச்சு.”

“அப்ப பொஸ்தகத்துல இருக்கறதுங்க?”

“அது எம் பையனோட சாட்சி கண்ணு. இது என்னோடது. யாருகிட்டயும் சொல்லிப்போடாத.”

அந்தப் பெண்ணுக்கு மருத்துவரின் பெயரையும் போகும் வழியையும் சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்து, குடை கொடுத்து அனுப்பினாள். அவள் போன பிறகு நான் சமையலறைக்குள் போனேன். அவளுக்குச் சொன்னாயே, நீயும் கிளம்பு என்றேன். உன் அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “அவளுக்குப் பொஸ்தகம் எழுதற பையன் இல்லீங்களே.”

நான் இத்தனை மாதங்களாக அவளை ஏமாந்தவள் என்று நினைத்திருந்தேன். ஏமாந்தவளோடு வாதிடலாம், படத்தைக் காட்டலாம், மருத்துவரைப் பேசவைக்கலாம். அவள் ஏமாறவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். மருத்துவமனையின் வாசலை மிதித்தால் உன் கடைசி அத்தியாயம் பொய்யாகிவிடும், பொய்யானால் நீ மீண்டும் அந்தப் பின்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாய் என்று பயப்படுகிறாள். அவள் காப்பாற்றுவது தன் சுகத்தை அல்ல, உன்னுடையதை. நீ அனுப்பிய அத்தனை புத்தகங்களிலும் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களைப் பற்றிப் படித்தேன். மகன் எழுதிய ஒரு பொய்க்காக உயிரைக் கொடுக்கிறவளைப் பற்றி யாரும் எழுதியதில்லை. எழுதினால் அந்தப் புத்தகத்திலும் வெற்றி இருக்காது.

ஆகையால் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். குழுவை அழைத்துவராதே. முன்னறையில் மண்டியிடாதே. தனியாக வா. அவள் முன் உட்கார்ந்து, “அம்மா, ஆப்பரேஷன் நடந்ததை நான் எழுதாமல் விட்டேன், அது தப்பு, காரில் ஏறு” என்று சொல். நீ உடைந்துபோக மாட்டாய் என்பதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். என் வாயிலிருந்து வரும் எதுவும் அவளை அசைக்காது. இந்தக் கடிதம் அச்சானால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நீ வருவாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேனா என்று கேட்டால், இல்லை. போன வாரம் வரை கொஞ்சம் நம்பினேன்.

போன வாரம் நீ அவளை அழைத்தாய். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைக் கோயம்புத்தூரில் பெரிய அரங்கில் வெளியிடுகிறீர்களாம், அவள் மேடையேறிச் சிறிது நேரம் சாட்சி சொல்ல வேண்டுமாம். அந்த மருத்துவமனை இருக்கும் அதே ஊருக்கு அவளைக் காரில் அழைத்து வரும்படி என்னிடம் சொல்லச் சொன்னாய். அவள் ஒப்புக்கொண்டாள். தினமும் காலையில் அடுப்படியில் நின்று சொல்லிப் பார்க்கிறாள். முழு வாக்கியத்தை அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நேற்று உன் கடைசி அத்தியாயத்தை என்னிடம் நீட்டி, “நீங்க படிச்சவங்க, பார்த்துச் சொல்லுங்க. எந்த எடத்துல நிறுத்தினா ஜனங்க அல்லேலூயா சொல்லுவாங்க? அதுக்குள்ள நான் மூச்சு வாங்கிக்குவேன்” என்றாள்.

பென்சிலை எடுத்து அந்த இடங்களைக் குறித்துக் கொடுத்தேன்.

உன் அப்பா